ராஜாக்களுக்காக ஜெபிப்பதும் ராஜாக்களிடம் ஊழியம் செய்வதும் ஒன்றுதானா?

பாளை வாத்தியார் கேட்டது:

அன்பர்களுக்கு வணக்கம்.

என் மகளும் மருமகனும் வாஷிங்டனை ஒட்டிய வர்ஜீனியாவில் வசிக்கிறார்கள். அவர்கள் போகும் சபையின் மிஷனரிக் கமிட்டியில் இந்த ஆண்டு மகளையும் உறுப்பினராகச் சேர்த்திருக்கிறார்கள். சபை எந்தெந்த ஊழியங்களுக்குப் பணம் அனுப்புகிறது என்ற பட்டியலை அவள் தொலைபேசியில் வாசித்துக் காட்டியபோது, அதில் ஒரு பெயர் என்னைச் சற்று நிறுத்தியது. அரசு அதிகாரிகள், வெளிநாட்டுத் தூதர்கள், ராணுவ உயர் அதிகாரிகள் ஆகியோரிடம் மட்டுமே சுவிசேஷம் சொல்வதற்கென்று முழுநேர ஊழியர்களை வைத்திருக்கிற அமைப்பு அது. எங்கள் குருசேகரத்தில் காணிக்கைப் பை சுற்றி வரும்போது, அந்தப் பணம் பிள்ளைகள் விடுதிக்கும் தொழுநோய் மருத்துவமனைக்கும் வடக்கே போன மிஷனரிகளுக்கும் போகிறது என்று சொல்லித்தான் நாற்பது ஆண்டுகளாகக் கேட்டிருக்கிறேன். தோளில் மூன்று நட்சத்திரம் தாங்கிய ஜெனரலின் ஆத்தும நலனுக்காக யாராவது காணிக்கை எடுத்து நான் பார்த்ததில்லை.

வேதத்தில் இதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். "ராஜாக்களுக்காகவும், அதிகாரமுள்ள யாவருக்காகவும்" விண்ணப்பம் செய்யும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். கொர்நேலியு நூற்றுக்கு அதிபதி. பிலிப்பு இரதத்தில் ஏறி உட்கார்ந்து உபதேசித்த எத்தியோப்பியனோ கந்தாகே ராணியின் மந்திரி. ஆனால் அதே புதிய ஏற்பாட்டில், பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் தரித்தவனுக்கு நல்ல இடம் கொடுத்துவிட்டு, தரித்திரனைப் பார்த்து அங்கே நில் என்று சொல்லாதீர்கள் என யாக்கோபும் எழுதியிருக்கிறார். உயர்ந்தவர்களுக்கென்று தனி ஊழியம் வைப்பது இந்த இரண்டில் எதன் பக்கம் சேரும் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனில் இது தொடர்பாக ஒரு விசாரணையே நடந்தது என்றும் மகள் எங்கோ வாசித்திருக்கிறாள். நடந்தது என்ன, ராணுவத்தில் ஏற்கெனவே இருக்கும் குருமார்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம், இப்படிப்பட்ட ஊழியத்துக்கு ஒரு சபை பணம் கொடுப்பது சரிதானா என்பதை விவரம் தெரிந்தவர்கள் எழுதினால், அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு முன் அவளிடம் சொல்ல எனக்கு ஏதாவது இருக்கும்.

---

பொட்டோமாக் கரையோரன் எழுதியது:

வாத்தியார் ஐயா, நானும் உங்கள் மகள் இருக்கும் பகுதியில்தான் நெடுங்காலமாக வசிக்கிறேன். இவ்வகை ஊழியங்களின் செய்திமடல்கள் எங்கள் சபைக்கும் வரும். விசாரணைக்குள் போவதற்கு முன், இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் பிற்பாடு நடந்தது வெறும் விதிமீறல் கதையாகத்தான் தெரியும்.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஆபிரகாம் வெரெய்டே என்ற மெதடிஸ்ட் போதகர், சியாட்டில் நகரத்தில் ஏழைகளுக்கு உதவும் பணியில் பெயர் எடுத்தவர். துறைமுகத் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தம் மேற்குக் கரை முழுவதையும் உலுக்கியதற்கு மறு ஆண்டு, 1935 ஏப்ரலில், அந்நகரத்தின் தொழிலதிபர்கள் சிலரைக் காலை உணவுக்கு அழைத்து ஜெபக் கூட்டம் நடத்தத் தொடங்கினார். விழுந்து கிடப்பவர்களைத் தூக்குவதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், உயரத்தில் இருந்துகொண்டு தேவனை விட்டு விலகி நிற்பவர்களைத்தான் யாரும் தேடிப் போவதில்லை என்பது அவருடைய எண்ணம். தலைவன் திருந்தினால் ஊர் திருந்தும் என்று நம் ஊரிலும் சொல்வதுண்டு. அந்த வட்டத்தில் இருந்த ஆர்தர் லாங்லி முதலில் சியாட்டிலின் மேயராகவும் பிறகு வாஷிங்டன் மாநிலத்தின் ஆளுநராகவும் ஆனார். 1942-க்குள் வெரெய்டேயின் காலை ஜெபக் குழுக்கள் தலைநகரில் காங்கிரஸ் உறுப்பினர்களிடையே வேர்விட்டிருந்தன. 1953 பிப்ரவரியில் ஐசன்ஹோவர் கலந்துகொண்ட ஜனாதிபதி ஜெபக் காலை உணவு, 1970 முதல் தேசிய ஜெபக் காலை உணவு என்று பெயர் பெற்றது. அன்றிலிருந்து பதவிக்கு வந்த ஜனாதிபதிகள் எல்லோரும் அந்த மேடையில் ஏறியிருக்கிறார்கள்.

நீங்கள் கேட்கும் பென்டகன் விவகாரம் வேறு அமைப்பைச் சேர்ந்தது. 1951-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர்களிடையே கேம்பஸ் குரூசேட் இயக்கத்தைத் தொடங்கிய பில் பிரைட், 1970-களில் வாஷிங்டனில் கிறிஸ்டியன் எம்பசி என்ற கிளையை ஏற்படுத்தினார். பெயரே சொல்வதுபோல், மற்ற நாடுகளுக்குத் தூதரகம் இருப்பதுபோல் கிறிஸ்துவின் ராஜ்யத்துக்கும் தலைநகரில் ஒரு தூதரகம் என்பது கருத்து. காங்கிரஸ் உறுப்பினர்கள், தூதர்கள், ஜெனரல்கள் ஆகியோருக்கு வேதபாட வகுப்புகளும் குடும்ப முகாம்களும் நடத்துவார்கள். பென்டகனுக்குள்ளேயே வாரம் ஒரு நாள் காலை ஜெபக் கூட்டம் நடக்கும். இதில் எதுவும் சட்டவிரோதம் இல்லை. ஒரு ஜெனரல் தன் சொந்த நேரத்தில் வேதம் வாசிப்பதை அமெரிக்க அரசியல் சாசனம் தடுக்கவில்லை, மாறாகப் பாதுகாக்கிறது.

சிக்கல் ஒரு வீடியோவால் வந்தது. 2004-இல் நிதி திரட்டுவதற்காக அந்த அமைப்பு ஒரு விளம்பரப் படம் எடுத்தது. பென்டகனின் உள்ளே, பணி நேரத்தில், முழுச் சீருடையில் நின்று உயர் அதிகாரிகள் அந்த ஊழியத்தைப் புகழ்ந்து பேசினார்கள். படத்தின் நோக்கம் வேறு என்று தோன்றும்படி சொல்லித்தான் அனுமதியே வாங்கியிருந்தார்கள். விமானப்படைக் கல்லூரியில் படித்த மைக்கி வைன்ஸ்டீன் என்பவர் 2005-இல் தொடங்கிய ராணுவ மத சுதந்திர அமைப்பு 2006 டிசம்பரில் இதை வெளியில் கொண்டுவந்தது. பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் விசாரித்து, 2007 ஜூலையில் அறிக்கை கொடுத்தார். நான்கு ஜெனரல்கள் உட்பட ஏழு அதிகாரிகள் விதிகளை மீறியிருப்பதாக அதில் முடிவாயிற்று. சீருடையில் இருப்பவர் அரசு சாராத எந்த அமைப்புக்கும் பரிந்துரை செய்வதுபோல் தோன்றக் கூடாது என்பது ராணுவ விதி. அந்த அமைப்பு கிறிஸ்தவ அமைப்பாக இருந்தாலும் சரி, சோப்புக் கம்பெனியாக இருந்தாலும் சரி.

அந்த அறிக்கையில் இரண்டு இடங்கள் இன்றும் என் நினைவில் நிற்கின்றன. ஒரு ஜெனரல் தம் தரப்பில் சொன்ன சமாதானம், இந்த அமைப்பு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பென்டகனுக்குள் இயங்கி வருவதால் அது ஏறக்குறைய அரசின் ஓர் அங்கம் என்றே தாம் நினைத்துவிட்டதாக இருந்தது. எனக்கு அவர் பொய் சொன்னதாகத் தோன்றவில்லை. அவர் உண்மையைச் சொன்னதுதான் கவலைக்குரியது. தினமும் ஒரே வாசல் வழியாக வருகிறவர், ஒரே அடையாள அட்டையைக் காட்டுகிறவர், ஒரே மேசையில் காபி குடிக்கிறவர் எப்போது விருந்தாளி, எப்போது வீட்டுக்காரர் என்ற வேறுபாடு அங்கே அழிந்துபோயிருந்தது.

இன்னொன்று துருக்கியில் நடந்தது. வீடியோவில் தோன்றிய மற்றொரு ஜெனரல், அதற்குள் துருக்கியில் அமெரிக்க ராணுவ ஒத்துழைப்பு அலுவலகத்தின் தலைவராகப் பணியேற்றிருந்தார். ஒரு நாள் அவருடைய கார் ஓட்டுநர், துருக்கியரான அந்த மனிதர், சபா என்ற துருக்கிய நாளிதழைக் கொண்டுவந்து காட்டினார். சீருடையில் இருக்கும் தம் முதலாளியின் படம் அதில் இருந்தது. தீவிர மதப்பிரிவு ஒன்றின் ஆள் என்று பக்கத்தில் எழுதியிருந்தது. அதன்பின் துருக்கிய ராணுவ அதிகாரிகளுக்கும் அவர் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருக்கும் நாட்டில் தம் நாட்டின் பிரதிநிதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, வர்ஜீனியாவில் காணிக்கை திரட்டுவதற்காக எடுத்த படம் எவ்வளவு பெரிய சுமையாக முடிந்தது பாருங்கள்.

ராணுவக் குருமார்கள் விஷயம் முற்றிலும் வேறு. அமெரிக்க ராணுவத்தில் குருமார் பணி 1775 ஜூலையில், அதாவது சுதந்திரப் பிரகடனத்துக்கும் முன்பே, தொடங்கிவிட்டது. அவர்களுக்கு அதிகாரிக்குரிய தரம் உண்டு, யாருக்கும் கட்டளையிடும் அதிகாரம் கிடையாது. பாப்டிஸ்ட் குருவானவராக இருந்தாலும், தம் பிரிவில் இருக்கும் யூதச் சிப்பாய்க்கு பஸ்கா உணவு கிடைக்க ஏற்பாடு செய்வது அவர் கடமை. வெளியிலிருந்து வரும் ஊழியத்துக்கு அந்தக் கடமை இல்லை. அது தன் சுவிசேஷத்தைச் சொல்வதற்கே வருகிறது, அப்படிச் சொல்வதில் தவறும் இல்லை. ஆனால் குருமார்களுக்கு உரிய கதவு வழியாக அது நுழையும்போது கேள்வி எழுகிறது.

---

ஓர் ஓய்வுபெற்ற போதகர் எழுதியது:

மேலே எழுதிய சகோதரர் சொன்ன செய்திகளில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் தவறிய வழக்கை மட்டும் வைத்து ஊழியத்தை எடை போட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரிய பதவியில் இருப்பவனைச் சுற்றி எப்போதும் கூட்டம் இருக்கும். அவனிடம் எதையும் கேட்காமல் உட்கார்ந்திருக்கிற மனிதன் ஒருவன்கூட இருக்க மாட்டான். அந்த ஒருவனாக இருப்பது ஊழியமே.

சார்ல்ஸ் கோல்சன் கதையை நினைத்துப் பாருங்கள். ஜனாதிபதி நிக்சனுக்காக எதையும் செய்யத் துணிந்தவர் என்று பெயர் எடுத்த அவர், வாட்டர்கேட் புயல் அடித்த 1973-இல் மனம் திரும்பினார். வெரெய்டேக்குப் பின் அந்த ஜெபக் குழுக்களை நடத்திய டக் கோ, கோல்சனை ஒரு சிறு குழுவில் சேர்த்துவிட்டார். அந்தக் குழுவில் ஹரோல்ட் ஹியூஸ் என்ற செனட்டர் இருந்தார். எதிர்க்கட்சிக்காரர், வியட்நாம் போரைக் கடுமையாக எதிர்த்தவர், கோல்சனின் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தவர். அவரே கோல்சனைச் சகோதரனாக ஏற்றுக்கொண்டார். 1974-இல் கோல்சன் தம் குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். அங்கே அவர் தவித்த நாட்களில், அதே குழுவைச் சேர்ந்த ஆல் குவீ என்ற காங்கிரஸ் உறுப்பினர், மீதித் தண்டனையைத் தாம் அனுபவிக்க முடியுமா என்று கேட்டு முன்வந்தார். வெளியே வந்த கோல்சன் 1976-இல் கைதிகளுக்கான ஊழியத்தைத் தொடங்கினார். மேலே இருந்தவனைத் தேடிப் போன ஊழியம் கடைசியில் சிறைக்கம்பிக்குப் பின்னால் இருப்பவனிடம் போய்ச் சேர்ந்தது. வாத்தியார் குறிப்பிட்ட யாக்கோபின் நிருபத்துக்கு இது ஒரு பதிலாக இருக்கலாம்.

இங்கிலாந்தில் 2022 ஜூலை 5-ஆம் தேதி பாராளுமன்ற ஜெபக் காலை உணவில், அரசியலில் நேர்மை பற்றிப் பேசிய பிரசங்கத்தைக் கேட்டவர்களில் சாஜித் ஜாவித் என்ற அமைச்சரும் ஒருவர். அன்று மாலையே அவர் பதவி விலகினார்; அந்தப் பிரசங்கம்தான் தம்மை முடிவெடுக்கச் செய்தது என்று பின்னர் சொன்னார். அவர் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர்.

இதன் ஆபத்தும் எனக்குத் தெரியாதது அல்ல. புகழ்பெற்ற சுவிசேஷகர் பில்லி கிரஹாம் 1950-இல் ஜனாதிபதி ட்ரூமனைச் சந்தித்துவிட்டு வெளியே வந்ததும், பத்திரிகைக்காரர்கள் கேட்டுக்கொண்டபடி, வெள்ளை மாளிகைப் புல்வெளியில் வெள்ளை உடையில் நண்பர்களோடு முழங்கால் படியிட்டுப் படம் பிடிக்க நின்றார். ட்ரூமன் அதன்பின் அவரை அழைக்கவில்லை. அது இளமையின் அறியாமை என்று விட்டுவிடலாம். 1972-இல் நிக்சன் யூதர்களைப் பற்றி இழிவாகப் பேசியபோது அவரைத் தடுக்காமல் கூடவே பேசியதை அப்படி விட முடியாது. அந்த ஒலிநாடா 2002-இல் வெளிவந்தபோது, முதுமையில் இருந்த கிரஹாம் மன்னிப்புக் கேட்டார். அரசனின் அறைக்குள் போய் வர வேண்டுமே என்ற ஆசை, தாவீதின் முகத்துக்கு நேரே நீயே அந்த மனுஷன் என்று சொன்ன நாத்தானின் நாவைக்கூட ஊமையாக்கிவிடும்.

என் வாலிப நாட்களில் எங்கள் குருவானவர், படைத்தலைவனுக்கு ஊழியம் செய்வது எப்படி என்று கேட்டால் நாகமானின் கதையை வாசி என்பார். குஷ்டரோகியான சீரியாவின் படைத்தலைவன், தீர்க்கதரிசி எலிசாவிடம் குணம் தேடி, குதிரைகளோடும் இரதத்தோடும் வாசலில் வந்து நிற்கிறான். எலிசா எழுந்து வெளியே வரவே இல்லை, ஆளனுப்பிச் சொல்லிவிடுகிறார். குணமான பிறகு அவன் கொடுத்த காணிக்கையையும் வாங்கவில்லை. பின்னால் ஓடிப்போய் இரண்டு தாலந்து வெள்ளியும் மாற்று வஸ்திரமும் வாங்கி வந்த எலிசாவின் வேலைக்காரன் கேயாசியைத்தான் குஷ்டம் பிடித்தது.

---

முன்னாள் சுபேதார் எழுதியது:

எனக்கு அமெரிக்க விவரம் தெரியாது. சீருடையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று எழுதுகிறேன். நான் இந்து, இருபத்தாறு ஆண்டுகள் இந்திய ராணுவத்தில் இருந்தவன். நம் படையில் பண்டிதர், கிரந்தி, மௌலவி, பாதிரியார் என்று மத ஆசிரியர்கள் இருப்பார்கள். அவர்கள் ஜே.சி.ஓ. தரத்தில், அதாவது சிப்பாய்களுக்கு மேலே, அதிகாரிகளுக்குக் கீழே இருப்பவர்கள். சிப்பாய்களின் வழிபாட்டுக்கு அதிகாரி வந்து நிற்பார். அதிகாரியின் வழிபாட்டுக்குச் சிப்பாய் போய் நிற்பது வழக்கமல்ல. இந்தத் திசை மாறினால் என்ன ஆகும் என்பதை ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு மேலே ஒரு அதிகாரி வந்தார், ஒரு சாமியாரின் பக்தர், நல்ல மனிதர். வியாழக்கிழமை மாலை தம் பங்களாவில் பஜனை வைத்தார். வருவதும் வராததும் அவரவர் விருப்பம் என்று ஒவ்வொரு முறையும் தம் வாயாலேயே சொல்வார். வராதவர் பெயரை அவர் ஒருநாளும் குறித்து வைத்ததில்லை. ஆனால் வராதவர் என்று யாரும் இருந்ததும் இல்லை. மலையாளத்துக் கிறிஸ்தவ ஹவில்தார் ஒருவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுவார். அவருக்கு அந்த மாதம் விடுப்புத் தேவைப்பட்டது. கட்டாயம் என்ற சொல்லை உச்சரிக்காமலேயே கட்டாயம் நடக்கக்கூடிய இடம் ராணுவம். தோளில் இருக்கும் நட்சத்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு யாரும் ஜெபிக்க முடிவதில்லை, பக்கத்தில் இருப்பவன் கண்ணுக்கு அது தெரிந்துகொண்டே இருக்கும்.

---

பாளை வாத்தியார் எழுதியது:

சுபேதார் ஐயாவின் ஹவில்தாரை என்னால் மறக்க முடியாது. போதகர் ஐயாவின் குழுவில் எல்லோரும் ஏறக்குறைய சமமான தரத்தில் இருந்தார்கள் என்பதையும் இப்போதுதான் கவனிக்கிறேன். எனக்கு மிஞ்சியிருக்கும் ஐயம் தூதர்களைப் பற்றியது. அவர்களுக்குக் கீழே யாரும் கைகட்டி நிற்பதில்லை. வேறு நாட்டு அரசின் ஆட்கள் அவர்கள். அவர்களிடம் ஊழியம் செய்வதில் அப்படி என்ன கெடுதல் இருக்க முடியும்?

---

கயல் எழுதியது:

நான் கிறிஸ்தவள் அல்லள்; வெளியுறவுச் செய்திகளைத் தொடர்ந்து வாசிக்கிறவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். தூதர்களிடம் வேதம் பேசுவதில் எந்தக் கெடுதலும் இல்லை. அந்த மேசைக்கு யார், எதற்காக வருகிறார்கள் என்பதை யாரும் பார்க்காததில்தான் கெடுதல் இருக்கிறது.

தேசிய ஜெபக் காலை உணவுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் வாஷிங்டன் ஹில்டன் விடுதிக்கு வந்துகொண்டிருந்தார்கள். அழைப்பிதழில் காங்கிரஸ் உறுப்பினர்களின் பெயர் இருக்கும். ஏற்பாடு செய்வதோ தனியார் அமைப்பு. ஒரு நாட்டின் தலைவர் முறைப்படி அமெரிக்க ஜனாதிபதியைச் சந்திக்க வேண்டுமானால் வெளியுறவுத் துறை வழியாக மாதக்கணக்கில் முயல வேண்டும். இந்த அழைப்பிதழ் கையில் இருந்தால் அதே கட்டடத்துக்குள் காலை உணவுக்கு வந்துவிடலாம். 1985-இல் ரீகன் அந்த மேடையிலேயே, இந்தக் கூட்டுறவைப் பற்றி இதற்கு மேல் சொல்ல இயலாது, அது தனிமையில் நடப்பதால்தான் பலன் தருகிறது என்ற பொருளில் பேசினார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

அந்தத் தனிமை எல்லோருக்கும் பயன்படும். மரியா புடினா என்ற ரஷ்யப் பெண்மணி இந்த நிகழ்ச்சிக்கு வந்தவர். அமெரிக்க முடிவுகளில் செல்வாக்கு உள்ளவர்களோடு மறைமுகத் தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள இதை ஒரு வழியாக அவர் தரப்பு கருதியதை வழக்கு ஆவணங்களே காட்டின. அந்நிய அரசின் முகவராகப் பதிவு செய்யாமல் செயல்படச் சதி செய்ததாக 2018 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஜெபிக்க வந்த மற்ற மூவாயிரம் பேரை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒரு உளவாளியோ ஒரு ஆயுத வியாபாரியோ நுழைய விரும்பினால், யாருடைய பையையும் சோதிக்காமல் எல்லோரையும் சகோதரனே என்று கட்டிப்பிடிக்கும் வாசலைத்தான் தேர்ந்தெடுப்பான்.

உகாண்டாவையும் மறக்கக் கூடாது. ஓரினச் சேர்க்கையாளர்களுக்கு மரண தண்டனை வரை விதிக்க வகைசெய்யும் மசோதாவை 2009-இல் அங்கே கொண்டுவந்த டேவிட் பஹாட்டி, இந்த ஜெபக் குழுக்களின் உகாண்டா வட்டத்தோடு தொடர்பில் இருந்தவர். அமெரிக்க அமைப்பைச் சேர்ந்தவர்கள் அந்த மசோதாவுக்குத் தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். 2010 பிப்ரவரியில் ஒபாமா அதே காலை உணவு மேடையில் நின்று அந்த மசோதாவைக் கண்டித்தார். ஆனால் பல ஆண்டுகளாகக் கைகோத்து ஜெபித்த நட்பு, ஒரு எம்.பி. தன் நாட்டில் என்ன சட்டம் கொண்டுவருகிறார் என்று முன்கூட்டியே கேட்கவில்லை. கேட்பது அந்த நட்பின் இலக்கணத்தில் இல்லை.

---

பொட்டோமாக் கரையோரன் எழுதியது:

கயல் அவர்கள் எழுதியதற்குப் பின் நடந்ததைச் சேர்த்துவிடுகிறேன். இப்படிப்பட்ட கேள்விகள் காங்கிரஸுக்குள்ளேயே எழுந்ததால், 2023-இல் நிகழ்ச்சி இரண்டாகப் பிரிந்தது. முன்னாள் செனட்டர் மார்க் பிரையர் தலைமையில் தனி அறக்கட்டளை ஏற்பட்டு, காலை உணவு காங்கிரஸ் வளாகத்துக்குள் சிறு அளவில் நடந்தது. பழைய அமைப்பு தன் பெரிய கூட்டத்தை ஹில்டனிலேயே வைத்துக்கொண்டது. பிரிவினை நல்லது என்றே நினைக்கிறேன், ஆனால் முழுமையானதல்ல. 2025 பிப்ரவரியில் டிரம்ப் இரண்டு இடங்களிலும் பேசினார்.

ராணுவத்திலோ காற்று எதிர்த் திசையில் வீசுகிறது. 2025 மே மாதத்தில் பாதுகாப்புத் துறைச் செயலாளர் ஹெக்செத் தாமே முன்னின்று, பணி நாளில், பென்டகன் அரங்கில் கிறிஸ்தவ ஆராதனை நடத்தினார். தம் சபைப் போதகரையே பிரசங்கிக்க அழைத்திருந்தார். வருவது விருப்பம் என்று அறிவிப்பில் இருந்தது. 2007-இல் விருந்தாளி வீட்டுக்காரரானார் என்று எழுதினேன். இப்போது வீட்டுக்காரரே விருந்து வைக்கிறார். சுபேதார் ஐயாவின் வியாழக்கிழமை பஜனையை வாசித்தபோது எனக்கு அந்த அரங்குதான் கண்முன் வந்தது.

போதகர் ஐயாவுக்கு ஒரு பணிவான மறுமொழி. நாத்தானைப்போல் பேசுவார்கள் என்று நம்பித்தான் நாம் இவர்களை உள்ளே அனுப்புகிறோம். கேபிடல் மினிஸ்ட்ரீஸ் என்ற அமைப்பை 1996-இல் தொடங்கிய ரால்ஃப் ட்ரோலிங்கர், ஒரு காலத்தில் பெயர்பெற்ற கூடைப்பந்து வீரர், 2017 முதல் டிரம்பின் அமைச்சர்களுக்கு வாராந்திர வேதபாட வகுப்பு நடத்தினார். அதில் கலந்துகொண்டவர்களில் அன்றைய அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸும் ஒருவர். 2018 ஜூனில், எல்லையில் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த கொள்கைக்கு எழுந்த எதிர்ப்புக்குப் பதிலாக, அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13-ஆம் அதிகாரத்தைச் செஷன்ஸ் பொது மேடையில் மேற்கோள் காட்டினார். அந்த வகுப்பில்தான் அதைக் கற்றார் என்று நான் சொல்லவில்லை. ஆளப்படுகிறவர்களுக்கு எழுதப்பட்ட வசனத்தை ஆளுகிறவர் கையில் எடுத்தபோது, அவருக்கு வாரந்தோறும் வேதம் சொல்லிக்கொடுத்தவரிடமிருந்து நமக்கு ஒரு நாத்தானின் குரல் கேட்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இந்த நாட்டில் சபைக்கும் அரசுக்கும் நடுவே சுவர் வேண்டும் என்று முதலில் மன்றாடியவர்களில் சுவிசேஷக் கிறிஸ்தவர்களே முன்வரிசையில் நின்றார்கள். 1802 ஜனவரி முதல் நாள், ஜான் லேலண்ட் என்ற பாப்டிஸ்ட் பிரசங்கியார் மாசசூசெட்ஸிலிருந்து ஆயிரம் பவுண்டுக்கு மேல் எடையுள்ள ஒரு பாலாடைக் கட்டியைக் கொண்டுவந்து அன்றைய ஜனாதிபதி ஜெஃபர்சனுக்குப் பரிசளித்தார். மத சுதந்திரத்துக்காக நின்றவர் என்ற நன்றிக்கு அடையாளம். அதே நாளில்தான் டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு எழுதிய கடிதத்தில் அந்தச் சுவரைப் பற்றி ஜெஃபர்சன் குறிப்பிட்டார். அரசாங்க சபைகளுக்கு வரி கட்ட மறுத்து அடிபட்டவர்களின் பிள்ளைகள் அவர்கள்.

வாத்தியார் ஐயா, பணம் கொடுக்கவே கூடாது என்று உங்கள் மகளிடம் நான் சொல்ல மாட்டேன். கமிட்டியில் அவர் கேட்க வேண்டியது எளிமையானது. அவர்கள் சந்திப்பது அலுவலகத்திலா, வீட்டிலா? ஒரே குழுவில் மேலதிகாரியும் அவருக்குக் கீழ் வேலை செய்பவரும் சேர்ந்து உட்காருகிறார்களா? வெளிநாட்டுப் பயணங்களுக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் தருகிற அமைப்பு என்றால் தாராளமாகக் கொடுக்கட்டும்.

---

பாளை வாத்தியார் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு மகளிடம் இவற்றைப் படித்துக் காட்டினேன். சபைக்கு வந்த செய்திமடல்களை எடுத்துப் பார்க்கும்படி சொன்னேன். அவள் கையில் நான்கு இதழ்கள் இருந்தன. தூதர்களின் மனைவிகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பைப் பற்றி ஒன்றில் நல்ல கட்டுரை இருப்பதாகச் சொன்னாள். மொழி தெரியாமல் தனியே இருக்கும் பெண்களுக்கு அது பெரிய உதவி என்று எனக்கும் தோன்றியது. மற்றொன்றின் அட்டைப்படத்தில் ஓர் அதிகாரி தலை குனிந்து ஜெபித்துக்கொண்டிருக்கிறாராம். கோட்டு சூட்டிலா, சீருடையிலா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தாள் புரளும் ஓசை கேட்டது. பிறகு, சீருடைதான் அப்பா, மெடல்கூடத் தெரிகிறது என்றாள். அந்த இதழைக் கூட்டத்துக்கு எடுத்துப்போகப் போகிறாள்.